நோயாளர் பதிவேடு: நம்பிக்கையின் மீது எழுதப்படும் ஏடு

டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டுள்ளனர் என்ற கணக்கு வாரந்தோறும் வெளியாகின்றது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட சில தொற்றுநோய்களை இனங்காணும் வைத்தியர் அதனை உரிய அதிகாரிக்கு அறிவித்தே ஆகவேண்டும். கணக்கு கையில் இருப்பதனாலேயே எங்கு புகையடிப்பது, எந்த வைத்தியசாலைக்கு மேலதிகக் கட்டில்களை ஒதுக்குவது என்பனவற்றைத் தீர்மானிக்க முடிகின்றது. ஆனால், தொற்றாத, அரிதான, ஒருவரை இருபது முப்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல முடக்குகின்ற நோயொன்றுக்குக் கணக்கு வைப்பவர் யார்? அந்தக் கணக்கு இல்லாதுவிடின் இழக்கப்படுவது என்ன? மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்னும் நரம்பு நோயையும், அதனை ஆராய்வதற்காக உலகில் பேணப்பட்டுவரும் நோயாளர் பதிவேடுகளையும் முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை காண்பது பயனுள்ளதாகும் என நாம் கருதுகின்றோம்.

நோயின் இயல்பு

எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நோயை 1868ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சல்பெத்ரியே வைத்தியசாலையில் பணியாற்றிய ஜான் மார்ட்டின் சார்கோ தனியொரு நோயாக வரையறுத்து விளக்கினார். மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளை மயலின் எனப்படும் கொழுப்புறை போர்த்தியிருக்கின்றது. மின்கம்பியின் மேலுள்ள உறையைப் போன்றது அது. உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்புத் தொகுதியே இவ்வுறையைத் தாக்குவதனால் நரம்புச் செய்திகள் தடைப்படுகின்றன. தாக்கப்பட்ட இடங்கள் பின்னர் தழும்பேறி இறுகிவிடுகின்றன. பல இடங்களில் ஏற்படும் இந்த இறுக்கத்தையே நோயின் பெயர் குறிக்கின்றது.

ஒரு நாள் ஒரு கண்ணின் பார்வை மங்கும். சில வாரங்களில் அது தானாகவே தெளியும். ஓராண்டின் பின்னர் கால் மரத்துப்போகும். அதுவும் ஓரளவு சீராகும். இவ்வாறு வந்து போகும் தாக்கங்கள் பலரிடத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல நிரந்தர இயலாமையாக மாறுகின்றன. இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களிடமே இந்நோய் பெரும்பாலும் ஆரம்பிக்கின்றது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களே குறைந்தது இருமடங்கு பாதிக்கப்படுகின்றனர். கல்வியை முடித்துத் தொழிலில் சேர்ந்து, திருமணம் செய்து, பிள்ளை பெறும் பருவத்திலேயே இது வந்து குறுக்கிடுகின்றது. சர்வதேச எம்.எஸ். சம்மேளனம் வெளியிட்டுவரும் உலக வரைவேட்டின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகில் சுமார் 29 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதிகமாகவும், தென்னாசியாவில் குறைவாகவும் இது காணப்படுகின்றது.

இந்நோயை ஆராய்வதில் உள்ள இடர்ப்பாடு இதன் இயல்பிலேயே அடங்கியுள்ளது. நோயாளர்கள் சிதறி வாழ்கின்றனர். ஒரு வைத்தியர் தமது தொழில் வாழ்க்கை முழுவதிலும் காணக்கூடிய நோயாளர் தொகை மிகச் சிறியதாக இருக்கலாம். ஒரு மருந்துப் பரிசோதனை வழமையாக இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். நோயோ முப்பது நாற்பது ஆண்டுகள் தொடர்கின்றது. நோயாளி ஊர் மாறுகின்றார். வைத்தியர் ஓய்வு பெறுகின்றார். எழுதி வைக்கப்பட்டவை மாத்திரமே எஞ்சுகின்றன. அவ்வாறு எழுதி வைப்பதற்கென ஓர் ஒழுங்குமுறையை ஏற்படுத்துவதே நோயாளர் பதிவேடாகும்.

என்ன எழுதப்படுகின்றது?

நோயாளியின் பிறந்த ஆண்டு, பால், முதல் அறிகுறி தோன்றிய காலம், நோய் உறுதி செய்யப்பட்ட திகதி, ஒவ்வொரு தாக்கமும் வந்த திகதி, எம்.ஆர்.ஐ. ஸ்கான் முடிவுகள், வழங்கப்பட்ட மருந்து, அது நிறுத்தப்பட்டிருப்பின் அதற்கான காரணம், மகப்பேறு, ஏனைய நோய்கள், இறுதியில் மரணம் என்பன ஒரே முறையில் பதியப்படுகின்றன. அத்துடன் இயலாமையை அளவிடுவதற்கு ஒரு பொது அளவுகோலும் உண்டு. அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜோன் குர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்ட அந்த அளவுகோல் பூச்சியத்திலிருந்து பத்து வரை செல்கின்றது. பூச்சியம் என்பது பாதிப்பற்ற நிலை. ஆறு என்பது ஊன்றுகோல் இன்றி நூறு மீற்றர் நடக்க இயலாத நிலை. பத்து என்பது நோயினால் நேரும் மரணம். கோப்பன்ஹேகனில் ஒருவருக்கு இடப்பட்ட புள்ளியும் மெல்பேர்ணில் இன்னொருவருக்கு இடப்பட்ட புள்ளியும் ஒரே பொருளைத் தருவதனாலேயே நாடுகளுக்கிடையிலான ஒப்பீடு சாத்தியமாகின்றது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் 1972 முதல் 1984 வரை ஒரு சிகிச்சை நிலையத்துக்கு வந்த 1,099 நோயாளர்களின் குறிப்புகள் இவ்வாறு ஒழுங்காகப் பேணப்பட்டன. நோய் தொடங்கி ஏறத்தாழ 15 ஆண்டுகளில் நோயாளர்களில் அரைவாசிப் பேர் ஊன்றுகோல் தேவைப்படும் நிலையை அடைந்தனர் என 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயின் போக்கை மாற்றும் மருந்துகள் கிடைக்காத காலத்தின் கணக்கு இது. பின்னர் வந்த மருந்துகள் உண்மையில் பயன் தருகின்றனவா என்பதை அளவிடுவதற்கு இத்தகைய பழைய கணக்குகளே அடித்தளமாயின.

டென்மார்க்கின் முன்மாதிரி

நாடு முழுவதையும் உள்ளடக்கிய எம்.எஸ். பதிவேடுகளுள் மிகப் பழைமையானது டென்மார்க்கினுடையதாகும். 1949ஆம் ஆண்டு அந்நாடு முழுவதிலும் இந்நோயாளர்களைத் தேடிக் கணக்கெடுக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1956இல் பதிவேடு முறையாக நிறுவப்பட்டது. வைத்தியசாலைகளின் நரம்பியல் பிரிவுகளும் தனியாகத் தொழில் புரியும் நரம்பியல் நிபுணர்களும் அனுப்பும் அறிவித்தல்கள், பொது நியதிகளின்படி ஆராயப்பட்ட பின்னரே ஏட்டில் இடம்பெறுகின்றன. 1968 முதல் டென்மார்க் மக்கள் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டுவரும் தனி இலக்கம் இப்பணியைப் பெரிதும் இலகுபடுத்தியது. ஒருவர் ஊர் மாறினாலும் பெயர் மாறினாலும் அவரது பதிவு அறுபடுவதில்லை.

அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சலியாது எழுதப்பட்ட இந்த ஏடு, குறுகிய கால ஆய்வு எதனாலும் வெளிப்படுத்த முடியாத உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. 1950களுடன் ஒப்பிடும்போது இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் டென்மார்க் பெண்களிடையே புதிதாக இந்நோய்க்கு ஆளாவோரின் வீதம் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. ஆண்களிடையே அதிகரிப்பு அதனிலும் மிகக் குறைவாகவே இருந்தது. ஒரு சமூகத்தின் மரபணுக்கள் இரண்டு தலைமுறைகளுக்குள் மாறிவிடுவதில்லை. ஆகவே வாழ்க்கை முறையிலோ சுற்றாடலிலோ ஏற்பட்ட மாற்றமே இதற்குக் காரணமாக இருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் சிந்திக்கத் தலைப்பட்டனர். இந்நோய் ஆயுளைச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் வரை குறைக்கின்றது என்பதும், அந்த இடைவெளி காலப்போக்கில் சுருங்கி வருகின்றது என்பதும் அதே ஏட்டிலிருந்தே அறியப்பட்டன.

டென்மார்க்கைப் பின்பற்றிப் பல நாடுகள் தத்தமக்கேற்ற வடிவங்களை அமைத்துக்கொண்டன. சுவீடன், நோர்வே, ஜேர்மனி ஆகியவற்றின் தேசிய ஏடுகள் 2001ஆம் ஆண்டை அண்டி உருவாயின. வட அமெரிக்காவில் 1993இல் தொடங்கப்பட்ட நார்க்கொம்ஸ் பதிவேட்டில் நோயாளர்கள் தமது நிலையைத் தாமே எழுதி அனுப்புகின்றனர். அவுஸ்திரேலியாவை மையமாகக் கொண்டு 2004இல் ஆரம்பிக்கப்பட்ட எம்.எஸ்.பேஸ் பல நாடுகளின் வைத்தியர்களை ஒன்றிணைத்தது. ஐக்கிய இராச்சியத்தின் பதிவேடு 2011 முதல் சுவான்சி பல்கலைக்கழகத்தில் இயங்கி வருகின்றது. சுவிற்சர்லாந்தில் 2016இல் தொடங்கப்பட்ட பதிவேட்டில், எதனை ஆராயவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலும் நோயாளர்களுக்குப் பங்குண்டு.

அச்சத்துக்கு விடையளித்த ஏடுகள்

பதிவேடுகளின் பயன் ஆய்வுகூடங்களுடன் நின்றுவிடுவதில்லை. பொதுமக்களைப் பீடிக்கும் அச்சங்களுக்கும் அவை விடையளித்துள்ளன. 1990களில் பிரான்ஸில் ஈரலழற்சி-பி தடுப்பூசி ஏற்றப்பட்ட சிலருக்கு எம்.எஸ். தோன்றியதாகச் செய்திகள் பரவின. மக்கள் அச்சமுற்றனர். 1998 ஒக்டோபரில் பாடசாலைகளில் அத்தடுப்பூசி ஏற்றும் திட்டத்தை அந்நாட்டு அரசாங்கம் இடைநிறுத்தியது. தடுப்பூசி ஏற்றிய பின்னர் நோய் வந்தது என்பதும், தடுப்பூசியினால் நோய் வந்தது என்பதும் ஒன்றல்ல. ஆனால் கணக்கு இல்லாத இடத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கு வழியில்லை. ஐரோப்பிய எம்.எஸ். தரவுத்தளத்தில் இருந்த நோயாளர்களின் குறிப்புகளை ஆராய்ந்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தடுப்பூசிகள் நோயின் தாக்கத்தைக் கிளறிவிடுவதில்லை என்று காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்கத் தாதியர்களிடையே நடத்தப்பட்ட மற்றொரு நீண்டகால ஆய்வு, ஈரலழற்சி-பி தடுப்பூசிக்கும் எம்.எஸ். நோய் உருவாவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி குறித்தும் இதே ஐயம் பின்னர் எழுந்தது. டென்மார்க், சுவீடன் ஆகிய இரு நாடுகளின் தேசியப் பதிவேடுகளை இணைத்து, ஏறத்தாழ 40 இலட்சம் பெண்களின் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, அத்தடுப்பூசி எம்.எஸ். நோய்க்கான ஆபத்தை அதிகரிக்கவில்லை எனக் கண்டது. 2017 முதல் எமது பாடசாலை மாணவியருக்கும் இவ்வகைத் தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. தமது மகளுக்கு அதனை ஏற்றலாமா என்று தயங்கும் யாழ்ப்பாணத்து அல்லது காத்தான்குடித் தாய்க்கு இன்று ஆதாரத்துடன் விடை கூற முடிகின்றதென்றால், அதற்கு அந்நாட்டுப் பெண்கள் தமது பதிவுகளை ஆய்வுக்குத் தந்தமையும் ஒரு காரணமாகும்.

மகப்பேறு தொடர்பாகவும் இவ்வாறே நடந்தது. எம்.எஸ். உள்ள பெண்கள் கருத்தரிப்பதைத் தவிர்க்கவேண்டும் என்று ஒருகாலத்தில் வைத்தியர்களே அறிவுறுத்தினர். 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து அவதானித்து 1998இல் வெளியிடப்பட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை மாற்றியது. கருவுற்றிருக்கும் காலத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாக்கங்கள் வெகுவாகக் குறைகின்றன. மகப்பேற்றை அடுத்த மூன்று மாதங்களில் அவை அதிகரிக்கின்றன. பின்னர் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. தாய்மை அடைவது தவறு என்று கூறப்பட்ட பெண்களுக்கு, எப்பொழுது அவதானமாக இருக்கவேண்டும் என்று கூறும் நிலை இதனால் ஏற்பட்டது.

மருந்தும் விலையும்

இந்நோய்க்கான முதலாவது மருந்தாக இன்டர்பெரோன்-பீட்டா 1993இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அதன் பின்னர் பல மருந்துகள் வந்துள்ளன. அவற்றுள் பல சாதாரண குடும்பமொன்றால் எண்ணிப் பார்க்கவும் இயலாத விலை கொண்டவை. எந்த மருந்தை எப்பொழுது தொடங்குவது என்ற வினா ஆகவே உயிர் வினாவாகும். எம்.எஸ்.பேஸ் ஏட்டின் தரவுகளை முதன்மையாகக் கொண்டு 21 நாடுகளின் நோயாளர்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் சிகிச்சை பெற்றவர்கள் மீளமுடியாத இரண்டாம் கட்டத்தை அடையும் வாய்ப்பு குறைவு என்று காட்டியது. சிகிச்சை வழங்காமல் ஒரு பகுதியினரைப் பல ஆண்டுகள் விட்டுவைத்து இதனைப் பரிசோதிப்பது அறமாகாது. ஏற்கனவே நிகழ்ந்தவற்றின் பதிவுகளைக் கொண்டே இதனை அறிய முடிந்தது.

சுவீடனின் அனுபவம் வறிய நாடுகளுக்கு மேலும் முக்கியமானது. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து ஒருவகைப் புற்றுநோய்க்காக 1997இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எம்.எஸ். நோய்க்கென அதற்கு அனுமதி கோரப்படவில்லை. ஆயினும் சுவீடனின் நரம்பியல் நிபுணர்கள் தமது தொழில்சார் பொறுப்பில் இதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். பயன்படுத்தியதுடன் நின்றுவிடாது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் தேசியப் பதிவேட்டில் எழுதினர். அப்பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இம்மருந்தின் பயனைக் காட்டியது. அதன் பின்னர் சுமார் 200 நோயாளர்களைக் கொண்டு முறையான பரிசோதனையும் நடத்தப்பட்டது. அதன் முடிவு 2022இல் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளில் ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 சதவீதத்தினருக்கே மீண்டும் தாக்கம் ஏற்பட்டது. ஒப்பீட்டு மருந்தைப் பெற்றவர்களில் அது 16 சதவீதமாக இருந்தது.

2023 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம் தனது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் எம்.எஸ். நோய்க்கான மருந்துகளை முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. கிளாட்ரிபின், கிளாட்டிராமர் அசிட்டேட் ஆகியவற்றுடன் ரிட்டுக்ஸிமாப்பும் அதில் இடம்பெற்றது. காப்புரிமைக் காலம் முடிந்து, வேறு உற்பத்தியாளர்களும் தயாரிக்கும் மருந்து என்பதனால் இது ஏனைய பல புதிய மருந்துகளைவிட மலிவானதாகும்.

நோய் எங்கிருந்து தொடங்குகின்றது என்ற அடிப்படை வினாவிலும் இத்தகைய பொறுமையான சேமிப்பே வழிகாட்டியது. அமெரிக்க இராணுவத்தில் 1993 முதல் 2013 வரை பணிபுரிந்த ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் மருத்துவக் குறிப்புகளையும், அவ்வப்போது பெறப்பட்டுச் சேமிக்கப்பட்ட அவர்களது இரத்த மாதிரிகளையும் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். அவர்களுள் 955 பேருக்கு எம்.எஸ். ஏற்பட்டிருந்தது. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பின்னர் நோய்க்கான ஆபத்து 32 மடங்காக உயர்ந்ததை அவர்கள் 2022 ஜனவரியில் அறிவித்தனர். இந்த வைரஸ் பெரும்பாலான மனிதர்களின் உடலில் உள்ளது. ஆகவே அது மாத்திரமே நோயை ஏற்படுத்துகின்றது என்று கொள்ளுதல் தவறு. எனினும் நூறாண்டுக்கு மேலாகத் தேடப்பட்ட காரணங்களுள் முதன்மையான ஒன்று இதனால் வெளிச்சத்துக்கு வந்தது.

பதிவேடுகளை அளவுக்கு மிஞ்சிப் புகழ்வதும் முறையன்று. அவை மருந்துப் பரிசோதனைகளுக்கு மாற்றீடாக மாட்டா. கடுமையான நோயுள்ளவர்களுக்கே வலிய மருந்து வழங்கப்படுவதனால், அம்மருந்து பெற்றவர்களின் நிலை மோசமாக இருப்பதைக் கண்டு மருந்தையே குறைகூறும் தவறு நேரலாம். நோய் இலேசாக உள்ளவர்கள் பதிவேட்டுக்கே வராமற் போகலாம். நோயாளர்கள் தாமே எழுதும் ஏடுகளில் கற்றவர்களும் வசதியுள்ளவர்களும் அதிகமாகவும், ஏனையோர் குறைவாகவும் இடம்பெறுவதுண்டு. பாதியில் கைவிடப்பட்ட ஏடோ, ஏடே இல்லாத நிலையிலும் பார்க்கத் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

எமது பிராந்தியத்தின் கணக்கு

தென்னாசியாவில் இந்நோய் அரிது என்பதனால் இவையெல்லாம் எமக்குத் தேவையற்றவை என்று எண்ணுதல் கூடாது. தென்னிந்தியாவின் மங்களூர் நகரில் மேற்கொள்ளப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, இலட்சம் பேருக்குச் சுமார் 8 பேர் என்ற வீதத்தில் எம்.எஸ். காணப்படுவதை வெளிப்படுத்தியது. தேடிப் பார்க்காதவரை நோய் அரிதாகவே தோன்றும். அத்துடன், எம்.எஸ். போலவே தோன்றும் ஆனால் வேறான நியூரோமயலைட்டிஸ் ஒப்டிக்கா என்ற நோயும் ஆசியாவில் கவனத்துக்குரியது. அதனை இனங்காட்டும் பிறபொருளெதிரி 2004இல் கண்டறியப்பட்டது. எம்.எஸ். நோய்க்கு வழங்கப்படும் இன்டர்பெரோன் அந்நோயாளர்களின் நிலையை மேலும் மோசமாக்கக்கூடும். மேற்கு நாடுகளின் ஏடுகளை மாத்திரம் நம்பி எமது நோயாளர்களுக்குச் சிகிச்சையளிப்பதில் உள்ள ஆபத்தை இது உணர்த்துகின்றது.

புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பற்றிய கண்டுபிடிப்பும் எமது வாசகர்களுக்கு நெருக்கமானது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரித்தானியாவுக்குக் குடியேறியவர்களிடம் இந்நோய் குறைவாக இருந்தபோதிலும், அங்கு பிறந்த அவர்களது பிள்ளைகளிடம் அது கூடுதலாகக் காணப்பட்டதை 1990இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நோர்வேயில் குடியேறிய பாகிஸ்தானியரின் இரண்டாம் தலைமுறையினரிடமும் இதே போக்கு அவதானிக்கப்பட்டுள்ளது. இலண்டனிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் பிறந்து வளரும் பேரப்பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் எம்மிடையே எத்தனையோ உள்ளன. எமது பரம்பரையில் இல்லாத நோய் என்று அக்குடும்பங்கள் அறிகுறிகளை அலட்சியம் செய்யாதிருக்க இச்செய்தி உதவவேண்டும்.

பட்டியலும் பயமும்

எமது நாட்டில் நோயாளியின் வரலாறு பெரும்பாலும் அவரது கையிலுள்ள கிளினிக் கொப்பியிலேயே தங்கியிருக்கின்றது. அது நனைந்தால், தொலைந்தால், வரலாறும் தொலைகின்றது. போரின் இடப்பெயர்வுகளிலும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 2004இன் ஆழிப்பேரலையிலும் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர்களிடம் கொப்பி எஞ்சியிருக்கும் என எதிர்பார்க்க இயலாது. இத்தகைய மக்களுக்கே மையத்தில் பாதுகாக்கப்படும் பதிவு மிகவும் தேவை.

ஆயினும் இதே மக்களே பட்டியல்களைக் கண்டு அஞ்சுவதற்கும் நியாயமுண்டு. 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை வரலாற்றில் பதிவாகியுள்ளது. 2020 ஏப்ரலில், மேலே குறிப்பிட்ட அதே 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றினால் இறந்தோர் அனைவரது உடல்களும் தகனம் செய்யப்படுவதைக் கட்டாயமாக்கியது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தபோதிலும், 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அதற்காக மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. நோயை அறிவித்தால் என்ன நேருமோ என்ற அச்சம் ஒரு சமூகத்தின் மனதில் அவ்வாறுதான் வேரூன்றுகின்றது. பின்னொரு நாளில் ஏதோவொரு நோயாளர் பதிவேட்டுக்குப் பெயர் கேட்கும்போது அந்த அச்சம் வாய்திறவாமலே மறுப்புத் தெரிவிக்கும்.

டென்மார்க் மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமது விபரங்களைத் தயக்கமின்றித் தந்தமைக்கு அவர்களது அறிவியல் ஆர்வம் மாத்திரம் காரணமல்ல. தந்த விபரம் தமக்கு எதிராகத் திரும்பாது என்ற உறுதியும் காரணமாகும். அந்த உறுதியை இரவல் வாங்க முடியாது. அதனை ஏற்படுத்தவேண்டும்.

எனவே எம்.எஸ். ஆயினும் வேறெந்த அரிய நோயாயினும், எமது நாட்டில் பேணப்படும் நோயாளர் பதிவேடு எதற்கும் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை என நாம் கருதுகின்றோம். நோயாளியின் சம்மதம் அவரது சொந்த மொழியில், விளங்கும் சொற்களில் பெறப்படவேண்டும். விலகிக்கொள்ளும் உரிமையும், அவ்வாறு விலகினாலும் சிகிச்சை குறையாது என்ற உறுதியும் வேண்டும். ஆய்வாளருக்கு வழங்கப்படும் தரவில் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு இலக்கமே இருக்கவேண்டும். அரிய நோயில் அதுவும் போதாது. ஒரு கிராமத்தில் ஒரேயொருவருக்கே நோய் இருப்பின், ஊரின் பெயரும் வயதுமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். திருமணமாகாத பெண்ணொருத்தியின் வாழ்வில் இதன் விளைவு என்னவாகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. இனம் பற்றிய விபரம் மருத்துவ ரீதியில் பயனுள்ளதாக இருக்கலாம். ஆனால் அது எதற்காகக் கேட்கப்படுகின்றது, யார் பார்ப்பர் என்பதைக் கூறிய பின்னரே கேட்கப்படவேண்டும். பாதுகாப்புத் துறையோ காப்புறுதி நிறுவனமோ தொழில் வழங்குநரோ அந்த ஏட்டைத் திறக்க முடியாது என்பது சட்டத்தினால் உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரம் பற்றிய தரவுகளை விசேட வகையைச் சார்ந்தவையாகக் கொள்கின்றது. சட்டம் இயற்றப்பட்டமை நல்லதே. ஆனால் அதன் பெறுமதி ஏட்டிலுள்ள வாசகங்களினால் அன்றி, ஒரு நோயாளியின் இரகசியம் மீறப்படும்போது எடுக்கப்படும் நடவடிக்கையினாலேயே தீர்மானிக்கப்படும். புற்றுநோய்க்கான தேசியப் பதிவேட்டை 1985இலேயே ஆரம்பித்த நாடு இது. திறமையோ முன்னனுபவமோ எமக்கு இல்லாமலில்லை.

நோயாளர் பதிவேட்டில் தமது பெயரைச் சேர்த்துக்கொள்ளும் ஒருவருக்கு அதனால் உடனடிப் பயன் எதுவும் கிடைப்பதில்லை. அவரது தாக்கங்களின் திகதிகளும் அவர் பட்ட துன்பங்களும் இருபது ஆண்டுகளின் பின்னர், அவர் அறியாத ஒரு நாட்டில், அவர் காணாத ஒரு பெண்ணுக்குச் சரியான மருந்து சரியான காலத்தில் கிடைப்பதற்கு உதவலாம். தென்னை நடுபவர் எல்லோரும் இளநீர் குடிக்கும் எண்ணத்துடன் நடுவதில்லை. அத்தகைய ஈகை மனம் எமது மக்களிடம் தாராளமாக உண்டு. அந்த ஈகைக்குத் துரோகம் இழைக்கப்படாது என்ற உத்தரவாதத்தை முதலில் வழங்கவேண்டியவர்கள் ஏட்டைத் திறப்பவர்களே. அவ்வாறு வழங்கப்படுமாயின் எமது மக்களும் தமது பெயர்களைத் தயக்கமின்றி எழுதுவர் என்பதில் எமக்கு ஐயமில்லை.